மோகம்: சொல்லின் பொருளும் பிறப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தங்க மோகம், ஆங்கில மோகம், மோகன ராகம், மோகினிப் பிசாசு. ஒரே வேர் இத்தனை இடங்களில் எப்படித் தலைகாட்டுகிறது என்ற கேள்வி பலருக்கும் எழுவதுண்டு. வழக்கமாக எழும் ஐயங்களும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. இலக்கணப் பயிற்சி இல்லாதவர்களும் தடையின்றிப் படிக்கலாம்.

மோகம் என்றால் ஆசைதானே?

அகராதியைப் புரட்டினால் ஆசை, காமம், மயக்கம், அறியாமை, மூர்ச்சை என்று பல பொருள்கள் இருக்கும். இன்றைய பேச்சில் ஆசையும் காமமும்தான் முன்னால் நிற்கின்றன. சொல்லின் வரலாற்றில் வரிசை நேர் தலைகீழ். அறிவு கலங்குவதே மூத்த பொருள். ஆசை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பசித்தவனுக்குச் சோற்றின்மேல் இருப்பது ஆசை. அதை யாரும் மோகம் என்று சொல்வதில்லை. கையில் நல்ல கைபேசி இருக்க, நேற்று வெளியான இன்னொன்றுக்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறவனைப் பார்த்து ‘கைபேசி மோகம்’ என்கிறோம். விருப்பத்தோடு கண்மறைப்பும் சேரும்போதுதான் இந்தச் சொல் நம் வாயில் வருகிறது. வேரை மறந்துவிட்டாலும் அதன் வாசனையை நாம் விடவில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதத்தில் ‘முஹ்’ என்று ஒரு வினைவேர் உண்டு. திகைத்தல், தடுமாறுதல், நினைவு தப்புதல் என்பவை அதன் பொருள்கள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘மோஹ’. தமிழில் அது ‘மோகம்’ ஆனது. மோகனம், மோகினி, சம்மோகனம், வியாமோகம் எல்லாம் அதே குடும்பம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

பார்த்தவுடன் தெரியாத உறவினர் ஒருவரும் அந்த வீட்டில் இருக்கிறார்: மூடன். ‘முஹ்’ என்ற வேருக்கு இறந்தகாலப் பெயரெச்ச வடிவங்கள் இரண்டு. ஒன்று ‘மூட’, மற்றொன்று ‘முக்த’. இரண்டுக்கும் தொடக்கத்தில் ‘மதி மயங்கிய’ என்பதே பொருள். முதலாவது நேராக ‘அறிவற்ற’ என்ற பொருளில் போய் நின்றது. மூடன், மூடநம்பிக்கை எல்லாம் அதன் வழி வந்தவை. இரண்டாவது ‘ஒன்றும் அறியாத’ என்பதிலிருந்து ‘வெகுளியான’ என்றாகி, அங்கிருந்து ‘அழகிய’ என்றும் ஆனது. வடமொழி அலங்கார நூல்களில் காதலுக்குப் புதியவளான இளம் நாயகியை ‘முக்தா’ என்பார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று வசவாயிற்று, இன்னொன்று கொஞ்சலாயிற்று.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ‘கண்ணை மூடிக்கொண்டு நம்புவதால் மூடநம்பிக்கை’ என்று மேடைகளில் விளக்குவதுண்டு. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தமிழ் வினையான ‘மூடு’வுக்கும் இந்த ‘மூட’வுக்கும் உறவில்லை.

அப்படியானால் ‘அமோக வெற்றி’ என்பது மோகம் இல்லாத வெற்றியா?

இல்லை. தமிழ் எழுத்தில் ஒரே ‘க’ வந்து நிற்பதால் ஏற்படும் குழப்பம் இது. அமோகத்தில் இருப்பது ‘மோக’ (வடமொழியில் இது ‘moha’ அல்ல, ‘mogha’) என்ற வேறொரு சொல். வீணான, பயனற்ற என்பது அதன் பொருள். ‘அ’ சேர்ந்தால் வீண்போகாதது. குறி தவறாத அம்புக்கும் பொய்க்காத வரத்துக்கும் சொன்ன அடைமொழி, இன்று அமோக விளைச்சலுக்கும் அமோக வரவேற்புக்கும் வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ‘வீண்’ என்ற சொல்லையும் வடமொழி அகராதிகள் அதே ‘முஹ்’ வேரின் கீழேதான் வைக்கின்றன. குறி தடுமாறியது வீண்தானே.

திருக்குறளில் மோகம் வருகிறதா?

அந்தக் கருத்து வருகிறது. வள்ளுவர் அதற்கு வைத்திருப்பது தமிழ்ச் சொற்கள்.

‘மெய்யுணர்தல்’ அதிகாரத்தின் முதல் குறளையும் (351) கடைசிக் குறளையும் (360) சேர்த்துப் படித்தால் போதும். கடைசிக் குறள் இது:

காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன்
நாமம் கெடக்கெடும் நோய்.

காமம், வெகுளி, மயக்கம் என்ற இந்த மூன்றும் வடமொழி நூல்கள் ராகம் (பற்று), துவேஷம் (வெறுப்பு), மோகம் என்று அடுக்கும் மூன்றுக்கு ஈடானவை. ஆக, மோகத்துக்கு நேராக நிற்கும் சொல் மயக்கம். காமம் அதற்குப் பக்கத்தில் தனியாக எண்ணப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மோகமும் காமமும் ஒன்றுதான் என்றால் மூன்று என்ற கணக்கே இடிக்கும்.

மயக்கம் என்றால் என்னவென்று 351ஆம் குறள் வரையறுத்தே விடுகிறது: ‘பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருளானாம் மாணாப் பிறப்பு’. பொருளல்லாததைப் பொருள் என்று எடுத்துக்கொள்வதே மருள். மோகம் என்ற சொல்லுக்கு எந்த மொழியில் விளக்கம் தேடினாலும் இதைவிடச் சுருக்கமாகக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

மயக்கம், மையல், மால், மருள்: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

தமிழ் இந்த உணர்வுக்குத் தனித்தனி வாசல்கள் வைத்திருக்கிறது. எல்லா வாசல்களும் கலக்கத்தில் தொடங்கி, காதலில் போய் முடிகின்றன.

மயங்குதல் என்பதற்கு அடிப்படைப் பொருள் கலத்தல். இலக்கண வகுப்பில் படித்த மெய்ம்மயக்கம், திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாமே கலப்பைத்தான் குறிக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் ண, ந, ன வரிசையை மயங்கொலிகள் என்பதும் இதனால்தான். ஒன்றோடொன்று கலந்தால் பிரித்தறிய முடியாது; பிரித்தறிய முடியாதபோது அறிவு திகைக்கும்; திகைப்பு முற்றினால் நினைவு போகும். ‘மயங்கி விழுந்தார்’ என்று செய்தி போடுவதும், ‘அவளிடம் மயங்கினான்’ என்று கதை எழுதுவதும் இந்த ஒரே ஏணியின் வெவ்வேறு படிகள்.

மையல் இன்னும் கடுமையானது. இன்று காதல் கவிதைகளில் மட்டும் வாழும் இந்தச் சொல் வள்ளுவரிடம் பைத்தியக்காரனைக் குறிக்கிறது. பேதையின் கையில் செல்வம் கிடைப்பதை ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ என்கிறார் (838). ஏற்கெனவே பித்தன், அவன் கள்ளும் குடித்தால் எப்படி என்பது பொருள். மதம் பிடித்த யானையைப் புலவர்கள் மையல் யானை என்றார்கள். ‘உன்மேல் மையல்’ என்று வாழ்த்து அட்டையில் எழுதுகிறவர்கள் யானையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

மருள் என்பதில் அச்சமும் வியப்பும் உண்டு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக வைத்த ‘மருட்கை’ என்பது வியப்பு. கிராமத்துக் கோயில்களில் சாமி வந்து ஆடுகிறவரை மருளாளி என்று சொல்லும் வழக்கு இன்றும் இருக்கிறது.

இவற்றுள் எனக்குப் பிடித்தது மால். காமத்துப்பாலின் முதல் குறளில் (1081) தலைவியை முதன்முதலாகப் பார்த்தவன் தெய்வப்பெண்ணோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று அடையாளம் தெரியாமல் ‘மாலும்என் நெஞ்சு’ என்கிறான். அவன் இன்னும் ஆசைப்படவே தொடங்கவில்லை. எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் திணறுகிறான். ஈர்ப்பின் முதல் நொடி அறிவின் தடுமாற்றம் என்பதை ஒரே வினைச்சொல்லில் வைத்துவிட்டார் வள்ளுவர். மால் என்பது திருமாலின் பெயரும்கூட. பெருமை, கருமை என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. வைணவ உரையாசிரியர்கள் திருப்பாவையின் ‘மாலே மணிவண்ணா’ என்ற தொடருக்கு உரை சொல்லும்போது வேறு பக்கம் போகிறார்கள். அடியார்கள்மேல் வியாமோகம் (பெரும் மயக்கம்) கொண்டவன், அதனால் மால் என்கிறார்கள். பக்தன் கடவுளிடம் மயங்குவது எல்லாச் சமயத்திலும் உண்டு. கடவுளே பக்தனிடம் மயங்கிக் கிடக்கிறான் என்று சொல்ல இந்தச் சொல் இடம் கொடுத்தது.

மோகம், சபலம், கவர்ச்சி, ஈர்ப்பு, சோதனை: எதை எப்போது எழுதுவது?

பழி யார்மேல் விழுகிறது என்று பார்த்தால் தேர்ந்தெடுப்பது எளிது.

கவர்ச்சி என்றால் பழி பொருளின்மேல். கவர்தல் என்பது பறித்தல். சங்க காலத்தில் ஆநிரை கவர்ந்தார்கள். திருஞானசம்பந்தர் தம் முதல் பதிகத்திலேயே சிவனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்றார். அதிக வட்டி தருவதாகக் கவர்ச்சிகரமான விளம்பரம் செய்யும் நிதி நிறுவனங்களுக்குப் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது, பறித்தல் என்ற பழைய பொருள் சில மாதங்களில் தானாகவே உண்மையாகிவிடுகிறது.

சபலம் என்றால் பழி மனத்தின்மேல். வடமொழி ‘சபல’ என்பது நிலைகொள்ளாதது, துடிப்பது. மின்னலுக்கும் ஓரிடத்தில் தங்காத திருமகளுக்கும் சபலை என்று பெயர் உண்டு. ‘சபல புத்தி’ என்று சொல்லும்போது எதிரில் இருந்த பொருளை யாரும் குறை சொல்வதில்லை.

ஈர்ப்பு என்பதில் பழியே இல்லை, வெறும் இழுப்பு. அதனால்தான் அறிவியல் அதை எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஆகர்ஷண சக்தி என்று எழுதியவர்கள் பிறகு புவியீர்ப்பு விசைக்கு மாறினார்கள். நல்ல மாற்றம்.

சோதனை என்ற சொல் தீமையின் தூண்டுதலைக் குறிப்பது பெரும்பாலும் கிறிஸ்தவத் தமிழில்தான். ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்ற ஜெபத்தில் வருவது இந்தப் பொருளே. அங்கே தூண்டுகிறவன் ஒருவன் இருக்கிறான், சோதிக்கப்படுகிறவன் ஒருவன் இருக்கிறான், தேர்ச்சியும் தோல்வியும் உண்டு. மற்றவர்கள் ‘என்ன சோதனையப்பா இது’ என்று சொன்னால் துன்பம் என்றுதான் பொருள்.

மோகம் இவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பொருளும் குற்றமற்றதாக இருக்கலாம், மனமும் திடமானதாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே பனி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பௌத்தமும் சமணமும் மோகத்தைப் பற்றி என்ன சொல்கின்றன?

இரண்டுமே அதைத்தான் மூல நோயாகப் பார்க்கின்றன. பௌத்தத்தில் லோபம், துவேஷம், மோகம் என்பவை தீமையின் மூன்று வேர்கள். திபெத்திய மடங்களின் சுவர்களில் தீட்டப்படும் பவசக்கரப் (பிறவிச் சக்கரம்) படத்தில் நடுவட்டத்தில் மூன்று பிராணிகள் இருக்கும்: சேவல் ஆசைக்கு, பாம்பு வெறுப்புக்கு, பன்றி மோகத்துக்கு. காதல் மயக்கத்தைப் பன்றியாக வரைவார்களா என்று தமிழ் வாசகர் கேட்கலாம். அங்கே மோகத்துக்கு அறியாமை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

நம் மணிமேகலையின் முப்பதாம் காதையில் இந்த மூன்றுக்கும் மருந்து சொல்லப்படுகிறது. நிலையாமையையும் துன்பத்தையும் எண்ணிப் பற்றை அறுக்க வேண்டும். மைத்திரி (நட்புணர்வு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்) ஆகியவற்றால் வெகுளியைத் தணிக்க வேண்டும். மயக்கத்துக்கு மட்டும் கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், காணுதல் என்று நான்கு சொல்லி ‘மயக்கம் கடிக’ என்று முடிகிறது. பற்றுக்கு மருந்து மறுப்பு, மயக்கத்துக்கு மருந்து கல்வி. இரண்டும் வேறு நோய்கள் என்பது மருத்துவ முறையிலேயே தெரிகிறது.

சமணம் உயிரைப் பிணிக்கும் கர்மங்களை எட்டாகப் பகுக்கிறது. அவற்றில் வலிமை மிக்கது மோகனீயம். நம்பிக்கையைத் திரிப்பது, ஒழுக்கத்தைத் திரிப்பது என்று அதற்கு இரு கிளைகள். எட்டுக்கும் ஒவ்வோர் உவமை வைத்த சமண ஆசிரியர்கள் மோகனீயத்துக்கு வைத்தது மது.

கீதையில் வரும் சம்மோகம் எது?

இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63ஆம் சுலோகங்களில் ஒரு சங்கிலி வருகிறது. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து காமம், காமத்திலிருந்து கோபம், கோபத்திலிருந்து சம்மோகம், அதிலிருந்து நினைவுக் குழப்பம், பின் புத்தி நாசம். சம்மோகம் ஆசையின் இடத்தில் இல்லாமல் கோபத்துக்குப் பின்னால் நிற்கிறது. கோபத்தில் கண் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்கிறோமே, அதுதான் இது. பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியில் அர்ச்சுனன் ‘என் மோகம் அழிந்தது’ என்று சொல்லும்போதும் காதலைப் பற்றி அவன் பேசவில்லை என்பது வெளிப்படை.

மோகினி என்ற பெயர் எப்படி வந்தது?

மோகினி என்றால் மயக்குபவள். பாற்கடல் கடைந்து அமுதம் வந்தபோது அசுரர்கள் கலசத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். திருமால் பெண் வடிவம் எடுத்து அதை மீட்டுத் தேவர்களுக்குப் பரிமாறினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. பாகவதத்தின் எட்டாம் கந்தத்தில் இதற்குள் ஒரு நுட்பம் உண்டு. மோகினி அசுரர்களை ஏமாற்றிப் பேசவே இல்லை. ‘என்னைப் போல் திரிகிற பெண்ணை நம்பலாமா? அறிந்தவர்கள் நம்பமாட்டார்களே’ என்று எச்சரிக்கிறாள். அவர்கள் அதைக் கேட்டுச் சிரித்து, இன்னும் நம்பிக்கை கொண்டு கலசத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பொய் சொல்லி வாங்கினால் அது வஞ்சனை. உண்மையைச் சொன்ன பிறகும் கொடுத்தால்தான் மோகம். கதை சொன்னவர் சொல்லின் பொருளை நன்றாக அறிந்தவர்.

அதே கந்தத்தில் அந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்று சிவனே வந்து கேட்கிறார், பார்க்கிறார், பின்னாலேயே ஓடுகிறார். ஹரிஹரபுத்திரனான ஐயப்பனின் பிறப்பை இந்தச் சந்திப்போடு இணைத்துச் சொல்வது தென்னாட்டு மரபு. தாருகாவனத்து முனிவர்களின் செருக்கை அடக்கச் சிவன் பிட்சாடனராகவும் திருமால் மோகினியாகவும் போன கதை சிதம்பரத்தோடு நெருங்கியது.

கோயில் விழாக்களில் மோகினிக்கு நிலையான இடம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்தின் பத்தாம் நாள், அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள், நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருகிறார். திருமலை பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் காலை மோகினி அவதாரம், அன்று இரவே கருட சேவை. கோவாவில் மார்தோல் என்ற ஊரில் மோகினி வடிவமே மகாலசா என்ற பெயரில் மூலத் தெய்வம்.

கூவாகத்து மோகினி இவர்களிடமிருந்து விலகி நிற்கிறாள். பாரதப் போரில் களப்பலிக்கு ஒப்புக்கொண்ட அரவான் மணமாகாமல் சாக விரும்பவில்லை. மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததால் கண்ணன் மோகினியாகி அவனை மணக்கிறான். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் கூடித் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து அழுவதும் இந்தக் கதையை ஒட்டியவை. இந்த மோகினி யாரையும் மயக்கவில்லை. பெயர் மட்டும் பழையது. ஆள் ஓர் இரவு மனைவி, பிறகு கைம்பெண்.

மோகினிப் பிசாசும் மோகினியாட்டமும்?

மோகினிப் பிசாசு நாட்டார் கதைகளின் சரக்கு: தனியாகப் போகும் ஆடவரை வெள்ளைச் சேலையில் வந்து அழைப்பவள். மோகினியாட்டம் கேரளத்தின் செவ்வியல் நடனம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) அவையில் ஆதரவு பெற்று, பின் நலிந்து, கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் முன்னின்று 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தின் மூலம் மறுவாழ்வு பெற்றது. அங்கேயும் உடை வெண்மை கலந்ததுதான் என்றாலும் தங்கச் சரிகைக் கரை உண்டு. பிசாசுக்கு அந்த வசதி இல்லை.

மோகன ராகத்துக்கு ஏன் அந்தப் பெயர்?

மோகனம் என்றால் மயக்குவது; கேட்டவரைக் கட்டிப்போடும் என்ற பாராட்டே பெயராயிற்று. ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களே ஏற்றத்திலும் இறக்கத்திலும். கர்நாடக இசையில் 28ஆவது மேளமான (தாய் ராகமான) ஹரிகாம்போதியின் ஜன்யமாக (அதிலிருந்து பிறந்ததாக) அதை வைப்பார்கள். இந்துஸ்தானியில் இதற்கு இணை பூப். சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி இதுவே என்பது தமிழிசை ஆய்வாளர் பலரின் கருத்து. வடமொழிப் பெயர் தாங்கியது என்பதால் பண்ணும் வடக்கிலிருந்து வந்தது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

முகப்பத், மொகஞ்சதாரோ, மோகன்தாஸ்: இவையும் உறவா?

முகப்பத் உறவில்லை. அது அரபுச் சொல். அன்பைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. ஹபீப், மஹ்பூப் என்ற பெயர்கள்தான் அதன் சொந்தங்கள்.

மொகஞ்சதாரோவும் இல்லை. சிந்தி மொழியில் இறந்தவர்களின் மேடு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

மோகன்தாஸ் நெருங்கிய உறவு. மோகன் என்பது கண்ணன். மோகனின் தாசன் மோகன்தாஸ். புலன்களை வெல்லப் போராடிய காந்தியடிகளுக்கு வீட்டார் வைத்த பெயருக்குள் மோகம் இருந்தது.

மற்ற மொழிகளில் இந்தச் சொல் எப்படி வாழ்கிறது?

மலையாளத்தில் மிகவும் சாதுவாக. ‘எனிக்கொரு மோஹம்’ என்று ஒரு மலையாளி சொன்னால் எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்றுதான் பொருள். தமிழர் திடுக்கிட வேண்டாம். இந்தியில் மோஹ் என்பது பற்று. தாய் பிள்ளைமேல் வைக்கும் பாசத்துக்கும் அதைச் சொல்வார்கள். சீக்கிய மரபில் காமம், குரோதம், லோபம், அகங்காரத்தோடு சேர்த்து ஐந்து திருடர்களில் ஒன்றாக எண்ணப்படுவது இந்த மோஹ்தான். அதே இந்தியில் சம்மோகன் என்றால் ஆளைத் தூங்கவைத்துச் சொன்னதைச் செய்யவைக்கும் வசியக் கலை. மராத்தியில் நேராகச் சபலம் என்ற பொருள்: கூடாது என்று தெரிந்தும் கை நீளுவதை அடக்க முடியவில்லை என்பதற்கு ‘மோஹ் ஆவரத் நாஹீ’ என்பார்கள். தெலுங்கில் மோஹம் நம்முடையதைப் போலவே. குறிலோடு ‘மொஹம்’ என்றால் மட்டும் முகம்.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது தாய்லாந்து. பாலி மொழி வழியாக அங்கே போன ‘மோஹோ’ இன்று கோபம் என்ற பொருளில் வழங்குகிறது. கீதை கோபத்துக்குப் பின் சம்மோகம் என்று சொன்னது. தாய்லாந்து மொழியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்பதில் எது முதலில்?

இரண்டு வரிசையிலும் சொல்கிறார்கள். கணக்கில் மாற்றம் இல்லை: மோகத்தின் ஆயுள் ஆசையின் ஆயுளில் பாதி. புதுமணத் தம்பதியரைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வது இது. ‘தொண்ணூறு நாள் போனால் துடைப்பக்கட்டை’ என்று கூட்டுத்தொகை போட்டு முடிப்பவர்களும் உண்டு. பழமொழிக்காரர்களும் ஆசையையும் மோகத்தையும் தனித்தனியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

செய்தித்தாள்களில் ‘வெளிநாட்டு மோகம்’ என்று எழுதுவது சரியா?

சரி. சொல்லப்போனால், காமத்தை மட்டும் குறிக்கும் வழக்கைவிட இதுவே வேருக்கு நெருக்கமானது. ஆனால் அந்தச் சொல் ஒரு தீர்ப்பையும் சேர்த்து வழங்கிவிடுகிறது என்பதை எழுதுகிறவர் உணர வேண்டும். ‘எனக்கு ஆங்கில மோகம்’ என்று தன்னைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எப்போதும் அடுத்தவருக்குத்தான் மோகம். அரசுப் பள்ளியை விட்டுவிட்டு ஆங்கிலவழிப் பள்ளி வாசலில் நிற்கும் ஓர் ஏழைத் தாய்க்கு இருப்பது மோகமா, கணக்கா என்று விசாரிக்காமல் தலைப்பில் மோகம் போடுவது சோம்பல்.

மோகத்துக்கு எதிர்ச்சொல் என்ன?

வெறுப்பு, விரக்தி என்று எழுதுகிறார்கள். அவை ஆசைக்கு எதிர். மோகத்துக்கு எதிர் தெளிவு. மூர்ச்சை போட்டவருக்கும், கள் இறங்கியவருக்கும், கலங்கிய தண்ணீருக்கும், ஐயம் நீங்கியவருக்கும் தெளிந்தது என்ற ஒரே வினையைத்தான் சொல்கிறோம்.

பெண் குழந்தைக்கு மோகனா என்று பெயர் வைக்கலாமா?

தாராளமாக. மோகனா, மோகனவல்லி, மோகனசுந்தரி எல்லாம் தமிழகத்தில் நெடுநாளாக வழங்கும் பெயர்கள். அழகு என்ற பொருளில்தான் வைக்கிறார்கள், கேட்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மோகினி என்பதற்குப் பிசாசின் நினைவு வருவதால் சிலர் தயங்குகிறார்கள். முக்தா என்று வைப்பவர்கள், முத்து அல்லது விடுதலை பெற்றவள் என்ற பொருளுடைய வேறொரு சொல்லை எண்ணித்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். வெகுளிப் பெண்ணான அந்த முக்தாவும் தமிழ் எழுத்தில் இதே வடிவம்தான் என்பதால், கேட்கிறவருக்கு எந்தப் பொருள் வேண்டுமோ அதைச் சொல்லிக்கொள்ளலாம்.